மூட்டு நோவும் இதயமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாதநோயியலிலும் மாரடைப்புக்குப் பின்னான உடற்பயிற்சி மருத்துவத்திலும் ஆய்வு செய்துவரும் மருத்துவர் என்ற வகையில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து வருகின்ற நோயாளரும் அவர்களைக் கூட்டிவருகின்ற பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இதை வாசித்துவிட்டு எவரும் தமது மருந்தின் அளவைத் தாமாக மாற்றக் கூடாது.

விரல் வீக்கத்துக்காக வந்தேன். நெஞ்சைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள்?

முடக்குவாதம் என்பது மூட்டில் தொடங்கி மூட்டோடு நிற்கும் நோய் அன்று. (பாரிசவாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது.) முடக்குவாதத்தில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி மூட்டின் உள்மென்சவ்வைத் தாக்குகிறது. அங்கே உருவாகும் அழற்சிப் பொருள்கள் குருதியில் கலந்து உடல் முழுவதும் சுற்றி, குருதிக்குழாய்களின் உட்சுவரையும் பழுதாக்குகின்றன. காலையில் ஒரு மணித்தியாலம் விரல்களை மடக்க முடியாமல் இருக்கும் ஒரு தாயின் இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளிலும் அதே அழற்சி வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதுதான் எங்கள் கவலை. இந்நோயாளர் இதய, குருதிக்குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் ஏனையோரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எனப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்தது. அதனால்தான் ஐரோப்பிய வாதநோயியல் வல்லுநர்கள், வழக்கமான அபாயக் கணக்கில் கிடைக்கும் எண்ணை, குறித்த சில அடையாளங்கள் உள்ள முடக்குவாத நோயாளருக்கு 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளும்படி 2009 இல் பரிந்துரைத்தார்கள். நோயெதிர்ப்புத் தொகுதி சொந்த உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூப்பஸில் நிலைமை இன்னும் கடுமையானது: 1997 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வொன்றில், 35 முதல் 44 வயது வரையான லூப்பஸ் பெண்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு அவ்வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேலாக இருந்தது.

கொலஸ்ட்ரோல் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்படியென்றால் பயமில்லைத்தானே?

முடக்குவாதம் கொதித்துக்கொண்டிருக்கும்போது கொலஸ்ட்ரோல் இறங்கிக் காட்டும், அபாயம் இறங்குவதில்லை. நோய் அடங்கிய பிறகு மறுபடி சோதித்த அறிக்கையே நம்பத்தக்கது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஐந்தாறு வருடங்கள் முந்தி, இடைநிலையாக 53 வயதில் வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எல்லா மூட்டு நோவுக்கும் இது பொருந்துமா?

இல்லை. பல வருடம் வயலில் குனிந்து நிமிர்ந்தவரின் முழங்கால் தேய்வு வேறு. யூரிக் அமிலத்தால் பெருவிரலில் திடீரென மூளும் கௌட் வேறு. சிக்குன்குன்யாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீளும் நோ வேறு. சிக்குன்குன்யா 2006 இல் வடக்கும் கிழக்கும் உட்பட இலங்கையின் பல பகுதிகளில் பரவியது. அதன் பின் எல்லா மூட்டு நோவையும் “அந்தக் காய்ச்சலின் மிச்சம்” என்று ஒதுக்கும் வழக்கம் எங்களிடையே வந்துவிட்டது. இரண்டு கைகளிலும் சிறுமூட்டுகள் வீங்கி, காலை இறுக்கம் ஆறு வாரங்களைத் தாண்டியும் நீடித்தால், மிச்சம் என்று காத்திருக்காமல் குருதிச் சோதனைக்கு வர வேண்டும்.

வாதக் காய்ச்சலும் இதுதானா?

பெயரில் மட்டுமே உறவு. அது பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு, ஒருவகை ஸ்ரெப்டோகொக்கஸ் கிருமியால் தொண்டை நோ வந்து சில வாரங்களின் பின் தோன்றுவது. மூட்டு வீக்கம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, தழும்பின்றி மறைந்துவிடும். இதயத்தின் வால்வு மட்டும் சுருங்கியோ கசிந்தோ நிலைத்துவிடும். லசேக் என்ற பிரெஞ்சு மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் மூட்டுகளை நக்கி இதயத்தைக் கடிக்கிறது என்று எழுதினார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. மறுபடி வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்படுகிறது. வால்வு பழுதானவர்களுக்கு இது 40 வயது வரையும் நீளலாம். பிள்ளை ஓடி விளையாடுகிறதே என்று தாய்மார் ஊசியை நிறுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. வளர்ந்து, முதற் பிள்ளையை வயிற்றில் சுமக்கும்போது இளைப்போடு வந்து, வால்வு நோய் இருப்பதை அப்போதுதான் அறியும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதய மீள்பயிற்சி என்றால் என்ன?

மாரடைப்பு, இதயச் சத்திரசிகிச்சை, அடைபட்ட குருதிக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தல் ஆகியவற்றின் பின், அளந்து கொடுக்கப்படும் உடற்பயிற்சியோடு மருந்து, உணவு, புகைத்தல் நிறுத்தம், மனநிலை ஆகியவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் சிகிச்சை இது. நூல்களில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. “புனர்வாழ்வு” என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். போர் முடிந்த 2009 க்குப் பிறகு வன்னியில் அந்தச் சொல்லுக்கு, முன்னாள் போராளிகளை முகாம்களில் தடுத்துவைத்தது என்ற வேறொரு பொருள் ஏறிவிட்டது. ஒரு தடவை நான் அதைச் சொன்னபோது, எதிரே இருந்த ஐயாவின் முகம் மாறியது, அன்றோடு விட்டுவிட்டேன்.

இதன் பலனைப் பற்றிச் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. 63 ஆய்வுகளில் 14,486 நோயாளரைச் சேர்த்துப் பார்த்த 2016 ஆம் ஆண்டுக் கொக்ரேன் மதிப்பாய்வு, இப்பயிற்சி இதய நோயால் ஏற்படும் மரணத்தை ஏறத்தாழக் கால்வாசி குறைப்பதாகவும், மறுபடி வைத்தியசாலையில் சேர்வதைக் குறைப்பதாகவும் கண்டது. எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் மொத்த மரணம் குறைந்ததாக அதில் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலையத்துக்கு வந்து செய்யும் பயிற்சிக்கும், முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யும் பயிற்சிக்கும் பலனில் பெரிய வேறுபாடில்லை என்பது இன்னொரு முடிவு. துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவருக்கு இந்த இரண்டாவது முடிவே பெரிது.

மாரடைப்பு வந்தவர் ஓய்வெடுக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியை நோயாளரைவிடப் பிள்ளைகளே அதிகம் கேட்கிறார்கள். முற்றத்தைக் கூட்டப் போனால் விளக்குமாற்றைப் பறிப்பதும், கிணற்றடிக்குப் போனால் வாளியைப் பறிப்பதும், “நீங்கள் இருங்கோ அம்மா” என்று கதிரையை இழுத்துப் போடுவதும் எங்கள் வீடுகளில் அன்பின் அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் கட்டிலில் கிடத்தினார்கள். பொஸ்ரன் நகரில் லெவினும் லோனும் நோயாளரைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சாய்கதிரையில் இருத்தியதை 1952 இல் வெளியிட்டபோது அதுவே துணிச்சலாகக் கருதப்பட்டது. கதிரை அன்று முன்னேற்றமாக இருந்தது. இன்று வீட்டில் நோயாளரைக் கட்டிப்போடுவது அதே கதிரைதான்.

ஓய்வு என்ன செய்யும் என்பதை 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் அளந்தார்கள். இருபது வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தபோது, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கும் மேலாக வீழ்ந்தது. முப்பது வருடங்களின் பின் அதே ஐவரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பே பெரிதாக இருந்தது. இருபது வயதில் அப்படியென்றால், வீங்கிய முழங்காலோடும் மெலிந்த தொடையோடும் இருக்கும் அறுபது வயதுத் தாய்க்கு மூன்று மாதக் கதிரை வாழ்க்கை என்ன செய்யும் என்று எண்ணிப்பாருங்கள். சிக்கலில்லாத மாரடைப்பில், வைத்தியசாலையில் இருக்கும்போதே எழுந்து நடக்கத் தொடங்குகிறோம். வீட்டுக்குப் போன பின் எவ்வளவு தூரம் என்பதை உங்கள் இதய வைத்தியர் எழுதித் தருவார். எழுதித் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

நடந்தால் மூட்டு இன்னும் தேயாதா?

முடக்குவாத நோயாளர் 300 பேருக்கும் மேற்பட்டவர்களை இரண்டு வருடம் தொடர்ந்த நெதர்லாந்து ஆய்வொன்று 2003 இல் வெளிவந்தது. கடுமையான பயிற்சி செய்தவர்களின் செயல்திறன் கூடியது. அவர்களுடைய பெருமூட்டுகளின் எக்ஸ்ரே படங்கள் மற்றவர்களுடையதைவிட மோசமாகவில்லை. முன்னரே பெருமூட்டு மிகவும் பழுதானவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும் என்றும் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். இங்கிலாந்தின் டட்லியில் 40 முடக்குவாத நோயாளரை வைத்து நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், ஆறு மாதப் பயிற்சி இதயத் திறனைக் கூட்டியதோடு நோயின் தீவிரத்தையும் குறைத்தது. ஆகவே, மூட்டுக்காக இதயத்தையோ இதயத்துக்காக மூட்டையோ விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. மூட்டு சூடாகி வீங்கியிருக்கும் நாளில் மட்டும் தூரத்தைப் பாதியாக்கி, கதிரையில் இருந்தபடி கால் நீட்டி மடக்கினாலும் போதும். முழங்கால் நோவுக்குச் சைக்கிள் நடையைவிட இதமானது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கும் என்பதால் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் வயலில் நிற்கிறேன். அது உடற்பயிற்சி இல்லையா?

உடல் உழைப்புத்தான். ஆனால் அது இதயத்துக்கு ஏற்றபடி அமைவதில்லை. முதுகில் நிரம்பிய பூச்சிமருந்துத் தாங்கியோடு வரம்பில் நடப்பதும், நெல் மூட்டையை மூச்சை அடக்கித் தூக்குவதும் குருதியமுக்கத்தைச் சட்டென்று ஏற்றும். களை பிடுங்கக் குந்தியிருப்பது முழங்காலை அழுத்துமே தவிர நாடித்துடிப்பை அதிகம் கூட்டாது. பயிற்சியில் நாங்கள் தேடுவது, சீராக ஏறி, இருபது முப்பது நிமிடம் நின்று, சீராக இறங்கும் உழைப்பை. காலபோக வேலை மும்முரமாக இருக்கும் நாள்களில் தனியாக நடை வேண்டாம். வேலையை இடைவெளி விட்டுச் செய்தாலே போதும். அறுவடை முடிந்து சும்மா இருக்கும் வாரங்களில்தான் நடை கட்டாயம்.

எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாக நடப்பது?

வெயில் ஏறுமுன். சிறுபோக காலத்தில் காலை எட்டு மணிக்கே வன்னி வெயில் இதய நோயாளருக்கு அதிகம். குளக்கட்டு நல்ல இடம். மட்டமாக இருக்கும், காற்று வரும், தூரத்தை மரத்துக்கு மரம் எண்ணலாம். ஏ9 வீதியின் ஓரம் நல்ல இடம் அன்று. யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் விடியுமுன் குளக்கட்டுக்குப் போகாமல் வீட்டு முற்றத்தையோ கோயில் வீதியையோ சுற்றுங்கள்.

வேகத்துக்கு, சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி முடியாது என்பது. 11 க்கும் 13 க்கும் இடையில் நடக்கச் சொல்கிறோம். எண் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி: கூட வருபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும், தேவாரம் பாட முடியக் கூடாது. பீற்றா தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது என்பதால், கைக்கடிகார எண்ணைவிட இந்தச் சோதனையே நம்பத்தக்கது.

எனக்கு ஒரு கால் இல்லை. பயிற்சி முடியுமா?

முடியும், முடிய வேண்டும். முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்கும்போது அதே தூரத்துக்கு மற்றவரைவிடக் கணிசமாக அதிக சக்தி செலவழிக்கிறார். ஆகவே அவருக்குரிய தூரம் குறைவு, ஓய்வு இடைவெளி அதிகம். எஞ்சிய காலின் மூட்டு இரட்டிப்புப் பாரத்தை வருடக்கணக்காகத் தாங்கியிருக்கும் என்பதால் அதைத் தனியாகச் சோதிப்போம். கைகளால் சுற்றும் மிதிப்பொறி இல்லாத இடத்தில், கதிரையில் இருந்து கைகளைத் தாளத்துக்கு உயர்த்தி இறக்கும் பயிற்சியையே தொடக்கமாகக் கொள்கிறோம். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் இப்படிப்பட்டவருக்கு ஓரிரு பந்திகளுக்கு மேல் இராது. எங்கள் மண்ணில் இது தனி நூலுக்குரிய விடயம்.

நோவுக்கு மருந்துக்கடையில் குளிசை வாங்கலாமா?

டைக்ளோஃபெனாக் போன்றவை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன, சிறுநீரகத்தையும் பாதிக்கின்றன. றொஃபெகொக்சிப் என்ற அதே இனத்து மருந்து இதயப் பாதிப்பினாலேயே 2004 இல் உலகச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அஸ்பிரின் இதயத்துக்குச் செய்யும் நன்மையை ஐபுபுரோஃபென் தடுக்கக்கூடியது. வடமத்திய மாகாணத்தை ஒட்டிய வவுனியாப் பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயும் இருப்பதால் எங்களுக்கு எச்சரிக்கை இரட்டிப்பு. அளவோடு பனடோல் எடுங்கள். போதாவிட்டால் நோயை அடக்கும் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டை ஏன் வாரத்தில் ஒருநாள் மட்டும் தருகிறீர்கள்?

இந்த மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. தவறி நாள்தோறும் எடுத்தால் குருதியணுக்கள் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கிழமையை உறையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படும் ஒரு அம்மா, பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமையை அதற்கு வைத்துக்கொண்டார். அதைவிட நல்ல ஒழுங்கை நான் கண்டதில்லை.

அழற்சிதான் காரணமென்றால், அழற்சியை அடக்கும் மருந்தால் மாரடைப்பைத் தடுக்க முடியாதா?

கடந்த பத்து வருடங்களில் எங்கள் துறையின் மிகச் சுவையான கேள்வி இது. 2017 இல் வெளிவந்த கன்ரொஸ் ஆய்வில், முன்னர் மாரடைப்பு வந்த 10,061 பேரில், கனகினுமாப் என்ற ஊசி கொலஸ்ட்ரோலைத் தொடாமலே இதயப் பாதிப்புகளைச் சுமார் 15 வீதம் குறைத்தது. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுகள் கூடின, விலையும் எட்டாதது. அடுத்து மெத்தோட்ரெக்சேட்டைச் சோதித்த ஆய்வில் பலன் கிட்டவில்லை. அது முடக்குவாதம் இல்லாதவர்களிடம் செய்யப்பட்டது. ஆகவே முடக்குவாத நோயாளர் அதைக் கேட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. கௌட்டுக்குத் தரப்படும் கொல்கிசின் என்ற மருந்து 2019 இலும் 2020 இலும் நம்பிக்கை தந்தது. 2024 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அந்தப் பலன் தென்படவில்லை.

கொல்கிசின் எங்கள் வேலிகளில் ஏறிப் படரும் கார்த்திகைப் பூச்செடியிலும் இருக்கிறது. இதைச் சொன்னதும் கிழங்கை அவித்துக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, அந்தக் கிழங்கு கொடிய நஞ்சு, அதில் மருந்தின் அளவை எவராலும் கணிக்க முடியாது.

எண்ணெயும் சூரணமும் எடுக்கலாமா?

வெளியில் பூசும் எண்ணெயோடு எங்களுக்குப் பிணக்கில்லை. பெயரோ உள்ளடக்கமோ எழுதாத தூளைச் சாப்பிட்டு இரண்டே நாளில் நோ பறந்துவிட்டதென்றால், அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். அது சீனியையும் குருதியமுக்கத்தையும் ஏற்றும்; திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் பொட்டலத்தோடு வாருங்கள்.

ஆய்வாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

பெரும்பாலும் அளக்கிறார். 30 மீற்றர் நீளமான விறாந்தையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடந்தீர்கள், 28 மூட்டுகளில் எத்தனை வீங்கியுள்ளன, கைப்பிடி எவ்வளவு இறுகுகிறது, கதிரையிலிருந்து 30 விநாடியில் எத்தனை தரம் எழும்பினீர்கள் என்று எழுதி, சில மாதங்களின் பின் அதையே மறுபடி அளந்து ஒப்பிடுகிறார். இருதய ஆய்வாளர் விரல் மூட்டைப் பார்ப்பதில்லை, வாதநோய் ஆய்வாளர் நடைதூரத்தை அளப்பதில்லை என்ற இடைவெளியில்தான் எங்கள் வேலை இருக்கிறது. நூலில் உள்ள கேள்விக்கொத்து படியேறுவதைப் பற்றிக் கேட்கும்; மாடி இல்லாத வீட்டில் வாழ்பவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. வாளியில் தண்ணீர் அள்ள முடிகிறதா, தேங்காய் துருவ முடிகிறதா, பஸ்ஸின் முதற் படியில் கால் வைக்க முடிகிறதா என்று மாற்றிக் கேட்கிறோம். மாற்றிய கேள்வி அதே விடயத்தைத்தான் அளக்கிறதா என்று சோதிப்பதும் ஆய்வின் பகுதியே.

என் பெயரும் விபரமும் எங்கே போகும்?

பதிவு, கணக்கெடுப்பு, விண்ணப்பம் என்று பல வருடமாகப் பலருக்குப் பெயர் கொடுத்து, திரும்ப ஒன்றும் கேட்காத மக்கள் இப்படிக் கேட்பது நியாயம். ஒழுங்கான ஆய்வு எதுவும் அறநெறிக் குழுவின் அனுமதியின்றித் தொடங்காது. தாள்களில் பெயருக்குப் பதில் இலக்கமே இருக்கும். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க நேரம் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறையாது. முடிவு என்னவென்று உங்களிடம் வந்து சொல்லாத ஆய்வாளர் தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறார் என்பது என் கருத்து.

எப்போது உடனடியாக வர வேண்டும்?

நெஞ்சில் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் நோ, காரணமில்லாத இளைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இலவசமாக இருக்கிறது. முடக்குவாதமோ நீரிழிவோ உள்ளவருக்கு நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். தோள் மூட்டு நோ என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டு கிளினிக் கொப்பிகளையும். மூட்டுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்கள் அந்தந்த நாளுக்கு அந்தந்தக் கொப்பியை மட்டும் கொண்டுவருகிறார்கள். ஒரு கொப்பியில் எழுதிய மருந்து மற்றதில் எழுதியதோடு முட்டுவது எங்களுக்குத் தெரியாமலே போகிறது. கடையில் வாங்கிய குளிசை, சூரணப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாருங்கள். நடைச் சோதனை இருப்பதால் வழுக்காத செருப்போ சப்பாத்தோ போட்டு வாருங்கள். காலை மருந்தை வழமைபோல எடுத்து, இலேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.